16 கிரவுண்டில் 96 வீடு: மாமன்றத்தில் என்ன கேட்கச் சொல்வது?

மூணாவது குறுக்குத் தெரு:

வணக்கம். எங்கள் பகுதி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் ஒன்று. தெருவின் நடுவில் பழைய குடோன் இருந்த 16 கிரவுண்டு நிலத்தில் ஸ்டில்ட் (கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள கீழ்த்தளம்) பிளஸ் 5 மாடி, இரண்டு பிளாக், மொத்தம் 96 வீடு வரப்போகிறது. புரோக்கர்கள் கையில் பிளான் சுற்றுகிறது. முன்னால் இருப்பது லேஅவுட் ரோடு. 30 அடி என்று பெயர். பாதாளச் சாக்கடை உண்டு. குழாய்த் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்.

கவுன்சிலர் அடுத்த மாமன்றக் கூட்டத்தில் பேசுகிறேன் என்கிறார். "அடர்த்தி தாங்காது, 96-ஐ 48 ஆகக் குறைக்க வேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாமா என்று சங்கத்தில் யோசனை. ஒருவர் கணக்கும் போட்டிருக்கிறார்: வீட்டுக்கு 5 பேர் என்றால் 480 பேர், நிலம் 0.3567 ஹெக்டேர், ஆக ஹெக்டேருக்கு சுமார் 1,350 பேர். 2011 கணக்கெடுப்புப்படி சென்னை மாவட்டத்தின் சராசரி ஹெக்டேருக்கு 265 பேர்தான், இது ஐந்து மடங்கு என்கிறார்.

மாமன்றத்துக்கு இதில் அதிகாரம் உண்டா? 96 என்ற எண் எங்கிருந்து வருகிறது? தண்ணி, சாக்கடை தாங்குமா? விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் கவுன்சிலர் கையில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம்.

---

செட்பேக்:

வீட்டு எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி மாமன்றத்தில் தீர்மானம் போட்டால் அது தீர்மானப் புத்தகத்தில் கிடக்கும், அவ்வளவுதான். இந்த அளவுக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி தருவது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்). 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவு 49. சின்னக் கட்டடங்களுக்கு மட்டும்தான் அந்த அதிகாரம் மாநகராட்சிக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. திட்ட அனுமதி வந்த பிறகு கட்டட அனுமதி மாநகராட்சியிலிருந்து வரும். ஆனால் அந்தக் கட்டத்தில் எத்தனை மாடி, எத்தனை வீடு என்ற கேள்வியே கிடையாது, அது மேலேயே முடிந்திருக்கும்.

வழக்கமான திட்ட அனுமதிக்கு அக்கம்பக்கத்தாரைக் கேட்கும் கூட்டமும் கிடையாது. ஒரே விதிவிலக்கு நிலப் பயன்பாட்டு மாற்றம். நீங்கள் குடோன் இருந்த இடம் என்று சொல்வதால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 2008-ல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானில் அந்த சர்வே எண் எந்தப் பகுதியில் விழுகிறது? ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்றால் விஷயமில்லை. தொழில் பகுதி என்று இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும், அதற்கு நாளிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபணை எழுதித் தரலாம். சிஎம்டிஏ இணையதளத்தில் கிராமம், சர்வே எண் போட்டால் தெரிந்துவிடும். உட்பிரிவு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே சர்வே எண்ணில் பாதி குடியிருப்பு, பாதி தொழில் என்று இருப்பது சகஜம்.

இனி 96. விதியில் "ஹெக்டேருக்கு இத்தனை வீடு" என்று ஒரு வரம்பு இந்தக் கட்டடத்துக்கு இல்லை. வரம்பு சதுர அடிக்குத்தான், அதாவது எஃப்எஸ்ஐ: நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு பரப்பு கட்டலாம் என்ற கணக்கு. 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டர் உயரம் வரை உள்ள கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2. அதற்கு மேல் போனால் உயரமான கட்டடம். அதன் கணக்கு வேறு, 3.25. ஸ்டில்ட் பிளஸ் 5 என்பதே அந்த 18.30-க்குள் அடங்குவதற்காகப் போடும் பிளான்தான்.

16 கிரவுண்டு என்பது 38,400 சதுர அடி. இரண்டால் பெருக்கினால் 76,800. ஆனால் உங்கள் 96 அந்த 76,800-ல் வரவில்லை என்று நினைக்கிறேன். பிரீமியம் எஃப்எஸ்ஐ என்று ஒன்று இருக்கிறது. கைடுலைன் வேல்யூவை (அரசு குறிக்கும் நில மதிப்பை) வைத்து ஒரு கட்டணம் கட்டினால் கூடுதல் பரப்பு கிடைக்கும். எவ்வளவு கூடுதல் என்பதை முன்னால் இருக்கும் ரோடு தீர்மானிக்கிறது: 9 மீட்டரிலிருந்து 12-க்குள் என்றால் 30 சதவீதம், 12-லிருந்து 18-க்குள் 40, 18-ம் அதற்கு மேலும் 50. உங்கள் ரோடு 30 அடி, அதாவது 9.14 மீட்டர். ஆக 2-ன் மேல் 30 சதவீதம், 2.6. 38,400-ஐ 2.6-ஆல் பெருக்குங்கள்: 99,840. அதை 96-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 1,040 சதுர அடி. இரண்டு பெட்ரூம் வீட்டின் அளவு. எண் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

அந்த 9 மீட்டர் இல்லையென்றால்? அதே அளவு வீடு 73 தான் கட்ட முடியும். 23 வீடு ரோட்டின் அகலத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. உயரத்துக்கும் தனியாக ரோடு அகல வரம்பு உண்டு என்பதால் மாடி எண்ணிக்கையும் அடிபடலாம். எனவே சங்கம் முதலில் எடுக்க வேண்டியது ஹெக்டேர் கணக்கை இல்லை, டேப்பை. 28 அடி என்பது 8.53 மீட்டர். "30 அடி ரோடு" என்று எல்லோரும் சொல்லும் தெருவில் பாதி அப்படித்தான் இருக்கும்.

அளக்கும்போது தார் மட்டும் அளக்காதீர்கள். ரோடு அகலம் என்பது எல்லைக்கு எல்லை; வடிகால், நடைபாதை எல்லாம் சேர்ந்தது. தார் 18 அடி இருந்தாலும் ரோடு 30 அடி இருக்கலாம். மனைக்கு முன்னால் மட்டும் அளந்தாலும் போதாது, பெரிய ரோட்டில் போய்ச் சேரும் வரை அளக்க வேண்டும். பில்டர் தன் நிலத்தில் முன்பக்கம் ஒரு அடி விட்டுக்கொடுத்து அந்த இடத்தில் 9 மீட்டர் காட்டுவது ஒன்றும் புதிதில்லை.

---

மேன்ஹோல் மூடி:

தண்ணி, சாக்கடை பக்கம் நான் சொல்றேன். இங்கே எல்லாரும் தப்பான இடத்துல பயப்படுவாங்க.

மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேட்டுக் கணக்கு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர். வீட்டுக்கு 5 பேர்னா 675. 96 வீட்டுக்கு 64,800 லிட்டர். குழாய்த் தண்ணி சுத்தமா வராத நாள்ல 12,000 லிட்டர் லாரி ஐந்தரை, அதாவது ஆறு நடை. ஒரு லாரி இறக்கி முடிக்க 20 நிமிஷம்னு வெச்சா தினம் ரெண்டு மணி நேரம் தெருவுல லாரி நிக்கும். அதுவும் காலையில.

அதனால கேட்க வேண்டியது "தண்ணி எங்கேர்ந்து வரும்" மட்டும் இல்லை. சம்ப் (தரையடித் தண்ணித் தொட்டி) வாய் எங்கே வைக்கிறீங்க, லாரி காம்பவுண்டுக்குள்ள வந்து திரும்பிப் போக இடம் விட்டிருக்கா, இதைக் கேளுங்க. பெரும்பாலான பிளான்ல சம்ப் முன் செட்பேக்ல (கட்டடத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல விடற காலி இடத்துல) இருக்கும், லாரி ரோட்டுலயே நின்னு காம்பவுண்டு சுவர் மேல ஓஸ் போடும். பிளான் ஸ்டேஜ்ல சம்பை உள்ளே தள்றதுக்குச் செலவு ஒண்ணும் இல்லை. கட்டின பிறகு யாராலும் முடியாது.

போர் விஷயம்: சென்னை மாநகரத்துல கிணறோ போரோ போட 1987 நிலத்தடி நீர்ச் சட்டப்படி குடிநீர் வாரியத்தோட அனுமதி வேணும். கட்டும்போதே நாலு போர் இறக்கிடுவாங்க, கேக்க ஆளிருக்காது. அனுமதி எண் எங்கேன்னு கேட்டு ஒரு கடிதம் முதல்லயே போட்டு வையுங்க.

இப்போ சாக்கடை. 64,800-ல 80 சதவீதம் கழிவாப் போகும்: 51,840 லிட்டர். கேட்டா பயமா இருக்கும். வினாடிக்கு வகுத்துப் பாருங்க, 0.6 லிட்டர். காலை ஏழு மணி உச்சத்துல மூணு மடங்குன்னு வெச்சாலும் 1.8 லிட்டர். தெருவுல இருக்கிற சின்னக் குழாய் 150 மில்லிமீட்டர்னா, அது ஒழுங்கான சரிவுல முழுசா ஓடினா வினாடிக்கு 10 லிட்டருக்கு மேல தாங்கும். ஆக "96 வீடு வந்தா குழாய் தாங்காது"ன்னு மன்றத்துல பேசினா குடிநீர் வாரிய இன்ஜினியர் ரெண்டு நிமிஷத்துல கணக்குப் போட்டு உட்கார வெச்சிடுவார்.

குழாய் வழியிறது வேற காரணத்தால. ஒண்ணு, மண். மழை நாள்ல தெருவுல தண்ணி நின்னா நாமே மேன்ஹோல் மூடியைக் கம்பியால நெம்பித் திறந்து விடுறோம். தெருக்குப்பை, மணல், பிளாஸ்டிக் எல்லாம் உள்ளே. 150 மில்லிமீட்டர் குழாயில அடியில மூணு விரல் மணல் படிஞ்சா மேல போற தண்ணிக்கு வேகம் குறையும், வேகம் குறைஞ்சா இன்னும் படியும். ரெண்டு, மொட்டை மாடித் தண்ணியைச் சாக்கடையில இணைக்கிறது. மூணு, கடைசியில இருக்கிற பம்பிங் ஸ்டேஷன்ல கரண்ட் போச்சுன்னா ஏரியா முழுக்கப் பின்வாங்கும். புதுக் கட்டடத்துல 96 வீடு வந்தாலும் 48 வந்தாலும் இந்த மூணும் மாறாது.

கேட்க வேண்டியது: நம்ம தெருக் குழாயோட விட்டம் என்ன, கடைசியா எப்போ தூர் எடுத்தாங்க, எந்த பம்பிங் ஸ்டேஷனுக்குப் போகுது, அங்கே எத்தனை பம்ப், எத்தனை ஓடுது, ஜெனரேட்டர் இருக்கா. இதுக்கெல்லாம் பேப்பர்ல பதில் இருக்கும்.

மழைத்தண்ணிதான் நிஜமான ஆபத்து. அதைப் பத்தி யாரும் பேசறதில்லை. உங்க நிலம் 3,567 சதுர மீட்டர். ஒரே நாள்ல 100 மில்லிமீட்டர் பேஞ்சா அந்த நிலத்துல மட்டும் 3,56,700 லிட்டர் விழும். குடோன் காலத்துல பாதி மண் தரை, பாதி உள்ளே இறங்கியிருக்கும்னு வெச்சுக்குவோம். கட்டடம் வந்து செட்பேக் முழுக்க கான்கிரீட் போட்டு மேல கல் பதிச்சா பத்துல ஒன்பது பங்கு தெருவுக்கு வரும். கூடுதலா வர்றது சுமார் 1,40,000 லிட்டர். 12 லாரித் தண்ணியை உங்க தெருவுல கவிழ்த்த மாதிரி. அதோட தரையை மூணு அடி உயர்த்திக் கட்டுவாங்க, கேட் முன்னாடி ரோட்டு மேல ராம்ப் போட்டு வடிகால் வாயை மூடிடுவாங்க. எதிர் வீட்டுல தண்ணி நிக்கும்.

வடிகாலும் ரோடும் மாநகராட்சியோட சொந்தச் சரக்கு. கவுன்சிலர் தைரியமாப் பேசலாம்: ராம்ப் எல்லைக்கு உள்ளேயே முடியணும், செட்பேக்ல கல்லுக்கு அடியில மணல் படுகை வேணும், கசிவுக் கிணறு எத்தனைன்னு பிளான்ல காட்டணும், வடிகாலோட அடிமட்டம் என்னன்னு அளந்து சொல்லணும்.

---

யூடிஎஸ் ராஜா:

கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சங்கத்து நண்பர் போட்ட ஹெக்டேர் கணக்கு மன்றத்தில் முதல் நிமிடத்திலேயே உடையும். 265 என்பது ரோடு, ரயில், ஏரி, பள்ளி, துறைமுகம், சுடுகாடு எல்லாம் சேர்த்து வகுத்த எண். 1,350 என்பது ஒரு மனையை மட்டும் வைத்து வகுத்தது. முன்னது மொத்த அடர்த்தி, பின்னது நிகர அடர்த்தி. இரண்டையும் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஒரு கிரவுண்டில் கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு வீடு கட்டி, வீட்டுக்கு 5 பேர் இருந்தால் அதுவே ஹெக்டேருக்கு 448 வந்துவிடும். அதே ஒரு கிரவுண்டில் ஆறு வீட்டு அப்பார்ட்மென்ட் இருந்தால் 1,345. உங்கள் தெருவில் அப்படி ஒன்று ஏற்கெனவே இருந்தால் (இருக்கும்), புதிய கட்டடத்தின் அடர்த்தி அதற்குச் சமம்தான்.

48 ஆக்கச் சொல்வதும் நீங்கள் நினைப்பதைத் தராது. கட்டலாம் என்ற 99,840 சதுர அடி அப்படியே இருக்கும். 48 வீடு என்றால் வீட்டுக்கு 2,080 சதுர அடி. அதே ஐந்து மாடி, அதே நிழல், அதே சுவர். தண்ணி குறையும், சரி. ஆனால் அந்த அளவு வீடு வாங்குபவரிடம் இரண்டு கார் இருக்கும். 48-ஐ இரண்டால் பெருக்கினால் மறுபடி 96 கார்.

கார் கணக்கைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்டில்டில் எத்தனை கார் நிற்கும் என்பதைப் பிளானைப் பார்த்தே சொல்லிவிடலாம். 99,840-ஐ 5 மாடிக்குப் பிரித்தால் மாடிக்கு சுமார் 20,000 சதுர அடி. ஸ்டில்டும் அவ்வளவுதான். அதில் படிக்கட்டு, லிஃப்ட், ஈபி ரூம், வாட்ச்மேன் ரூம், அசோசியேஷன் ரூம் என்று 2,000 போய்விடும். ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். அதோடு வளைந்து வர வழியும் சேர்த்தால் காருக்கு 300 சதுர அடி பிடிக்கும். 60 கார். வீட்டுக்கு ஒரு கார் என்றால் மீதி 36.

அந்த 36-ஐ எங்கே காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பக்கச் செட்பேக்கில் 20 காட்டலாம், ஆனால் தீயணைப்பு வண்டி கட்டடத்தைச் சுற்றிவரும் வழியும் அதுதான். அப்புறம் இரண்டு தூணுக்கு நடுவே மூன்று கார் என்று கோடு போட்டிருப்பார்கள். மூன்று காருக்குத் தூணின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு 7.5 மீட்டர் வேண்டும். பிளானில் தூணின் நடுப்புள்ளியிலிருந்து 7.5 என்று இருந்தால், தூண் தடிமன் போக மூன்றாவது கார்க்காரர் கதவைத் திறக்க முடியாது. அவர் தெருவில்தான் நிறுத்துவார். மிச்சம் 16 கார் தெருவுக்கு வந்தால், காருக்கு 19 அடி என்று, தெருவின் ஒரு பக்கம் 300 அடிக்கு மேல் போச்சு. உங்கள் 30 அடி ரோட்டில் அப்புறம் லாரி எப்படித் திரும்பும்?

மன்றத்தில் "வீட்டைக் குறை" என்பதைவிட "36 காருக்கு இடம் காட்டு" என்பது வலுவான பேச்சு. அதைக் காட்ட முடியாவிட்டால் பில்டரே வீட்டைக் குறைப்பார், அல்லது பேஸ்மென்ட் தோண்டுவார். உங்கள் பகுதியில் நிலத்தடி நீர் மேலே இருந்தால் பேஸ்மென்ட் அவருக்குத் தலைவலி.

இன்னொன்று. 96 வீடு என்றால் வீட்டுக்கு 400 சதுர அடி யூடிஎஸ், அதாவது நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு. 73 என்றால் 526. இந்த எண்ணை வாங்க வருபவர்கள் கேட்பார்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் அல்லது 8 வீட்டுக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். பதிவானதும் அனுமதி பெற்ற பிளானே அந்த இணையதளத்தில் வந்துவிடும். புரோக்கர் கையில் சுற்றும் பிளானை நம்பி மனு எழுத வேண்டாம். அனுமதிக்குப் போன பிளானில் 88 வீடு இருந்தால் உங்கள் மனு முழுக்கத் தப்பாகிவிடும்.

---

மேன்ஹோல் மூடி:

ராஜா சொல்ற தூண் விஷயம் நூத்துக்கு நூறு. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன்: ஸ்டில்டுல குப்பைக்கு இடம் காட்டியிருக்காங்களான்னு பாருங்க. ஆளுக்கு 400 கிராம்னு வெச்சாலும் 480 பேருக்கு 190 கிலோவுக்கு மேல. நாளைக்கு 100 கிலோ தாண்டினா திடக்கழிவு விதியில மொத்தக் கழிவு உருவாக்குபவர். தரம் பிரிச்சு மக்கும் குப்பையை அங்கேயே கையாளணும். அதுக்கு ஒரு கார் நிறுத்தற இடமாவது போகும். இது முழுக்க மாநகராட்சி விஷயம், கவுன்சிலர் கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்.

---

தானப்பத்திரம்:

ஓஎஸ்ஆர் (பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கித் தர வேண்டிய நிலம்) பற்றி யாரும் பேசவில்லையே. மாநகராட்சிக்கு நேரடியாகக் கைக்கு வருவது அதுதான்.

3,000 சதுர மீட்டருக்குள் உள்ள மனைக்கு ஓஎஸ்ஆர் கிடையாது. 3,000-லிருந்து 10,000 வரை ரோடு போக மீதியில் 10 சதவீதம். நிலமாகவும் தரலாம், கைடுலைன் வேல்யூபடி பணமாகக் கட்டும் வழியும் இருக்கிறது. 10,000-க்கு மேல் நிலமாகத்தான். உங்கள் மனை 3,567. அதாவது 357 சதுர மீட்டர், ஒன்றரைக் கிரவுண்டுக்கும் கொஞ்சம் மேலே, பொதுவுக்கு வர வேண்டும்.

இதில் இரண்டு ஓட்டை. ஒன்று, பட்டாவைப் பிரிப்பது. 567 சதுர மீட்டரைத் தனியாக வேறு பெயரில் எழுதி, அதில் தனிக் கட்டடம் என்று காட்டினால் பெரிய துண்டு 3,000-க்குள் வந்துவிடும். அந்த சர்வே எண்ணுக்குச் சமீபத்தில் உட்பிரிவு நடந்திருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இரண்டு பிளாக் என்று நீங்கள் சொன்னது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. இரண்டும் ஒரே விண்ணப்பமா, இரண்டு விண்ணப்பமா?

இரண்டாவது, பணமாகக் கட்டிவிட்டுப் போவது. பணம் உங்கள் தெருவில் பூங்காவாகத் திரும்பி வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கவுன்சிலர் கொண்டுவர வேண்டிய தீர்மானம் இதுதான்: இந்தப் பகுதியில் விளையாட்டுத் திடலோ பூங்காவோ இல்லை, எனவே ஓஎஸ்ஆரை நிலமாகவே பெற வேண்டும் என்று மாமன்றம் சிஎம்டிஏ-வைக் கேட்டுக்கொள்கிறது. சிஎம்டிஏ-வைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் நிலத்தை வாங்கிப் பராமரிக்கப்போகிறவரே கேட்கும்போது கோப்பில் அதை ஒதுக்கித் தள்ளுவது கஷ்டம்.

நிலமாகத் தந்தால் எங்கே தருகிறார்கள் என்று பாருங்கள். பொது ரோட்டிலிருந்து நேராகப் போக வழி வேண்டும். குறைந்தது 100 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது. பின் மூலையில் ஒதுக்கிவிட்டு, தானப்பத்திரமும் பதிந்துவிட்டு, அப்புறம் காம்பவுண்டுக்குள் சேர்த்து ஷட்டில் கோர்ட் போட்டுவிடுவார்கள். காகிதத்தில் மாநகராட்சி நிலம், சாவி வாட்ச்மேனிடம். பத்திரம் பதிந்த அன்றே மாநகராட்சிப் பூங்காத் துறை போர்டு நட்டு, வேலி போட வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேருங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதியை வைத்து நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் நேரத்தை வீணாக்காதீர்கள். அது 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பிலிருந்துதான். இது ஸ்டில்டையும் சேர்த்து 11,000 சொச்சம்.

ஆர்டிஐ போடுவதென்றால் "ஏன் அனுமதித்தீர்கள்" என்று கேட்க வேண்டாம், காரணம் கேட்கும் கேள்வியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன கிராமம், இன்ன சர்வே எண்ணில் திட்ட அனுமதி கேட்டு வந்த விண்ணப்பத்தின் கோப்பு எண்; தள ஆய்வு அறிக்கையின் நகல்; அதில் குறித்துள்ள சாலை அகலம்; பிரீமியம் எஃப்எஸ்ஐ கோரப்பட்டுள்ளதா, எத்தனை சதவீதம்; ஓஎஸ்ஆர் நிலமா பணமா. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாள். சிஎம்டிஏ-வுக்கு ஒன்று, மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, குடிநீர் வாரியத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள்.

---

மூணாவது குறுக்குத் தெரு:

எல்லோருக்கும் நன்றி. 48 என்ற பேச்சை விட்டுவிட்டோம். உட்பிரிவு எதுவும் இல்லை, வில்லங்கத்தில் முழு நிலமும் ஒரே பெயரில்தான் இருக்கிறது.

நேற்று டேப் பிடித்தோம். மனைக்கு முன்னால் காம்பவுண்டுக்குக் காம்பவுண்டு 9.20 மீட்டர். நடுவில் 9.10. மெயின் ரோட்டு முனையில் மட்டும் 8.65; அங்கே மூலை வீட்டின் சுவர் கொஞ்சம் வெளியே நிற்கிற மாதிரி இருக்கிறது. இதை வைத்து 9 மீட்டர் இல்லை என்று எழுதலாமா?

---

செட்பேக்:

எழுதலாம், ஆனால் அந்த 8.65 எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். இரண்டு விதமாக இருக்கும்.

லேஅவுட் வரைபடத்திலேயே முனையில் ரோடு குறுகியிருந்தால் உங்கள் பக்கம் பலம். மூலை வீட்டுக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டியிருந்தால் அது ஆக்கிரமிப்பு. மாநகராட்சி நோட்டீஸ் கொடுத்து அகற்றினால் ரோடு பழையபடி 9.14 ஆகிவிடும், பில்டரின் 30 சதவீதமும் பத்திரமாக நிற்கும். உங்கள் புகாரால் உங்கள் தெருக்காரர் சுவர் இடிபட்டு, 96 வீடும் வந்து சேரும். சங்கக் கூட்டத்தில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபட நகல் ஒன்று, அந்த முனையின் எஃப்எம்பி (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) ஒன்று எடுங்கள். லேஅவுட்டில் ரோடு அகலம் அடியில் எழுதியிருக்கும். மூலையில் வளைவு வெட்டு காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய லேஅவுட்டில் மூலை மனையை வளைத்து வெட்டி ரோட்டுக்கு விட்டிருப்பார்கள், வீடு கட்டுபவர் அதைச் சதுரமாக்கிச் சுவர் எழுப்பியிருப்பார். அப்படியானால் சுவர் வெளியே வந்த தூரம் முனையில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருக்கும். சுவர் நெடுக ஒரே அளவு வெளியே நின்றால் கதை வேறு.

மறுபடி அளக்கும்போது இரும்பு டேப் எடுங்கள், துணி டேப் இழுத்தால் நீளும். ரோட்டுக்குக் குறுக்கே செங்குத்தாகப் பிடிக்க வேண்டும்; சாய்ந்தால் அளவு கூடிக் காட்டும், அதாவது உங்களுக்கே பாதகம். முனையிலிருந்து 10 மீட்டருக்கு ஒரு இடம் என்று குறித்து, ஒவ்வொரு இடத்திலும் டேப்பின் இரண்டு நுனியும் சுவரில் தொடுவது தெரிகிற மாதிரி படம் எடுத்து, வீட்டு எண்ணோடு அட்டவணை போடுங்கள். தள ஆய்வுக்கு சிஎம்டிஏ ஆள் வருவதற்கு முன் அது கோப்பில் இருக்க வேண்டும், வந்து 9.20 என்று எழுதிவிட்டுப் போன பிறகு என்றால் பேச்சு நீளும்.